மாத மார்க் போடும் மகாராசன்களே... பாஸ் கொடுத்தவன் எங்கே?

"இந்த மாசம் யாருப்பா டாப்பு?"

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயங்கால பஸ் ஏறினால், பையன்கள் இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் கிரிக்கெட் மட்டும்தான். இப்போது கூடைப்பந்தும் சேர்ந்துகொண்டது. கையில் செல்போன். அதில் அமெரிக்க ஆட்டம். அனுமந்தை ஸ்டாப் வரும்வரை மார்க் போட்டுத் தள்ளுகிறார்கள். இவனுக்குப் பத்துக்கு ஒன்பது. அவனுக்கு நாலு. "அவனை டீமை விட்டே தூக்கணும்டா!"

எதை வைத்து மார்க்? எத்தனை புள்ளி எடுத்தான் என்பதை வைத்து. வேறு கணக்கே கிடையாது.

பையன்கள் பேசிவிட்டுப் போகட்டும். அவர்கள் மார்க்கால் யாருக்கும் அடுப்பு அணையப் போவதில்லை. ஆனால் செலக்ஷன் மேஜையில் உட்காரும் பெரியவர்களில் சிலரும் இதே தராசைத்தான் பிடிக்கிறார்கள். வம்பே அங்கேதான்!

நம் ஊரில் கூடைப்பந்து ஆட்டக்காரனுக்குச் சோறு போடுவது எது? லீக் ஆட்டமா? 2015-ல் யூ.பி.ஏ. என்று ஒரு லீக் வந்தது. 'சென்னை ஸ்லாம்' என்று நம் அணியும் அதில் ஆடியது. 2017-ல் லீக்கே நின்றுபோயிற்று. ஆக, சோறு போடுவது வேலைதான். ரெயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் பாங்கி, இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி, வருமான வரி ஆபீஸ் என்று அணி வைத்திருக்கும் இடங்கள். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதற்கெல்லாம் முதல் படி மாவட்டத் தேர்வு. அங்கே ஒரு பையனை எத்தனை நிமிஷம் பார்க்கிறார்கள், எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் அரிசி மூட்டை இருக்கிறது.

100 புள்ளி எடுத்தவர்!

பழைய கதை ஒன்று. 1962 மார்ச் 2-ந் தேதி அமெரிக்காவில் வில்ட் சேம்பர்லேன் என்பவர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். 63 தடவை பந்தைக் கூடைக்கு வீசினார். 36 விழுந்தது. மீதி 28 புள்ளி பிரீ-த்ரோவில் வந்தது. அந்த சீசன் முழுக்க ஆட்டத்துக்கு 50 புள்ளிக்கு மேல் அவருடைய சராசரி. இன்று வரை யாரும் கிட்டே போகவில்லை.

அந்த வருஷம் கோப்பை யாருக்கு?

சேம்பர்லேனுக்கு இல்லை! பில் ரஸல் ஆடிய பாஸ்டன் அணிக்கு. இறுதிப் போட்டிக்குப் போகும் வழியில் சேம்பர்லேன் அணியைத்தான் 4-3 என்று மடக்கிவிட்டுப் போனார்கள். சரி, சிறந்த ஆட்டக்காரர் பட்டமாவது? அதுவும் ரஸலுக்கே. அந்தக் காலத்தில் அந்தப் பட்டத்துக்கு ஓட்டுப் போட்டது ஆட்டக்காரர்களே. ரஸலின் சராசரி 19 புள்ளிகூட இல்லை. ஆனால் களத்தில் எதிரே நின்று அவஸ்தைப்பட்டவர்களுக்குத் தெரியாதா, யார் ஆபத்தான ஆள் என்று?

ரஸலின் வேலை எதிரி வீசும் பந்தைத் தட்டிவிடுவது, விழுந்த பந்தைப் பிடிப்பது, பிடித்த பந்தைச் சட்டென்று முன்னே ஓடுபவனுக்குக் கொடுப்பது. 1956 முதல் 1969 வரை 13 சீசன் ஆடி 11 கோப்பை வாங்கினார். அவர் எத்தனை பந்தைத் தட்டினார் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது! தட்டிவிட்ட பந்தையும் பறித்த பந்தையும் அந்த லீக் கணக்கில் எழுத ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். ரஸல் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து. நோட்டில் கட்டம் இல்லை, அதனால் வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது.

இதை அனுமந்தை, மரக்காணம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. உப்பளத்தில் உப்பை வாரிக் கரையில் குவிப்பவரின் உழைப்பு எல்லார் கண்ணிலும் படுகிறது. வெள்ளை வெளேர் என்று குவியல் நிற்கிறதே! ஆனால் அதற்கு முன்னால் பாத்தியை மிதித்து இறுக்கினவர் யார்? வரப்பு கட்டினவர் யார்? உப்புத் தண்ணியைப் பதம் பார்த்துப் பாத்தி பாத்தியாக விட்டவர் யார்? அதெல்லாம் சரியில்லை என்றால் வாருவதற்கு என்ன இருக்கும், சேறுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஐரோப்பாவின் பெரிய லீக்கில் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாதா மாதம் சிறந்த ஆட்டக்காரரையும் அறிவிக்கிறார்கள். எடுத்த புள்ளி, பிடித்த பந்து, கூடை விழக் கொடுத்த பாஸ், பறித்த பந்து இவை எல்லாம் கூட்டல். வீசி விழாதது, கோட்டை விட்ட பந்து, செய்த பவுல் எல்லாம் கழித்தல்.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் ஆள் 22 புள்ளி. ஆனால் 15 தடவை வீசி வீணடித்தான், 5 தடவை பந்தைக் கோட்டை விட்டான். பிடித்தது 2, பாஸ் 1. கூட்டல் 25, கழித்தல் 20, மிச்சம் 5.

இரண்டாவது ஆள் 8 புள்ளிதான். பிடித்தது 9, பாஸ் 6, பறித்தது 2. வீண் 1, கோட்டை விட்டது 1. கூட்டல் 25, கழித்தல் 2, மிச்சம் 23!

பஸ்ஸில் போகும் பையன்கள் யாருக்கு ஒன்பது மார்க் போட்டிருப்பார்கள்? சொல்லவே வேண்டாம்.

இந்தக் கணக்கும் முழுசு இல்லைதான். எதிரியின் சூரப்புலி பக்கத்தில் ஒட்டிக்கொண்டே நின்று, அவன் கைக்குப் பந்தே வராமல் செய்பவனுக்கு இதிலும் கட்டம் கிடையாது. ஷேன் பாட்டியர் அப்படிப்பட்ட ஆள். காகிதத்தில் சாதாரணம். ஆனால் அவர் களத்தில் நின்றால் அணி முந்தும். 2012, 2013 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கிய மியாமி அணியில் இருந்தார். ஆகவே ஒரு ஆள் உள்ளே இருந்த நேரத்தில் அணி முந்தியதா, பிந்தியதா என்றும் இப்போது எழுதுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். கூட நிற்கும் நாலு பேர் சொதப்பினால் இவன் தலையிலும் சேர்த்து விடியும்.

ஒரு மாசம் போதுமா?

எனக்கு இந்த 'மாதம்' என்ற அளவிலேயே நம்பிக்கை குறைவு. 2012 பிப்ரவரியில் நியூயார்க் அணியில் ஜெரமி லின் என்ற இளைஞர் திடீரென்று வெளுத்துக் கட்டினார். தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கிய முதல் 5 ஆட்டங்களில் 136 புள்ளி. இரண்டு மாதம் முன்பு இரண்டு அணிகள் "நீ வேண்டாம்" என்று அனுப்பிய ஆள் அவர்! டிசம்பர் மார்க் பூஜ்யம், பிப்ரவரி மார்க் நூறு. ஏப்ரலில் முழங்காலில் ஆபரேஷன், சீசன் காலி. எந்த மாதத்து லின் நிஜ லின்?

ஐப்பசி மழையில் உப்பளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு "இந்த அளம் உதவாது" என்று எழுதுவாரா ஒருத்தர்? தண்ணி நிற்கிற மாசத்தில் உப்பு எங்கிருந்து வரும்? உற்பத்தி இல்லாத அந்தக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5 ஆயிரம் ரூபாய் நிவாரணத் திட்டம் வைத்திருக்கிறது தமிழக அரசு. மழை தொழிலாளியின் குற்றம் இல்லை என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. கணுக்கால் பிசகிய பையனுக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

சென்னைப் பெண் அனிதா பால்துரையைப் பாருங்கள். தென்னக ரெயில்வே. சுமார் 18 வருஷம் இந்திய அணிக்கு ஆடினார், தலைமையும் தாங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அத்தனை வருஷத்தில் மோசமான மாசம் ஒன்றிரண்டு வராமலா இருந்திருக்கும்? அப்படி ஒரு மாசத்தை வைத்து யாராவது பேரை அடித்திருந்தால்?

புள்ளிக்கு மட்டும் மார்க் என்று தெரிந்துவிட்டால் பையன் என்ன செய்வான்? பாஸ் கொடுக்க மாட்டான். கூடையின் கீழே ஆள் தனியாக நின்றாலும் தானே வீசுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. வேலை வேண்டும் அவனுக்கு! இப்படியே ஐந்து பேரும் தனித்தனியாக ஆடினால் அதற்குப் பேர் டீமா, சந்தையா?

அடுத்த முதல்-அமைச்சர் கோப்பைப் போட்டிக்கு மாவட்டத்தில் ஆள் எடுக்கும்போது இதற்கென்று கம்ப்யூட்டர் எல்லாம் வாங்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், கோட்டோரம் ஒரு ஆள். புள்ளி, வீண் வீச்சு, பிடித்தது, பாஸ், கோட்டை விட்டது, ஆடிய நிமிஷம் என்று ஆறு கட்டம் போடட்டும். ஒரு ஆட்டம் இல்லை, நாலு ஆட்டம் எழுதட்டும். சாயங்காலம் அந்தத் தாளை மைதானத்துச் சுவரில் ஒட்டட்டும். விட்டுப்போன பையன் வந்து படித்துப் பார்த்துக்கொள்வான்.