ஆறிப்போன பாஸ்தாவும் ஆறாத ஆம்பளைங்களும்

டிஸ்கி: நான் சமையல் நிபுணன் இல்லை. பி.காம் படிச்சிட்டு பேங்குல குப்பை கொட்டுற ஆசாமி. கணக்கு தப்பா இருந்தா கேளுங்க, உப்பு தப்பா இருந்தா மன்னிச்சிருங்க.

போன மாசம் ஸ்கார்பரோவுல ஒரு நண்பர் வீட்டுல விருந்து. ஆளுக்கு ஒரு அயிட்டம் செஞ்சு கொண்டு வரணும்னு ஏற்பாடு. பிரியாணி, மீன் குழம்பு, இடியாப்பம், சொதி, வடைன்னு மேஜையில இடமே இல்லை. ஓரமா ஒரு கண்ணாடி பாத்திரத்துல பாஸ்தா சாலட். கொண்டு வந்தவங்க ஒரு நர்ஸ். ராத்திரி ஷிப்ட் முடிச்சு, மூணு மணி நேரம் தூங்கி, அப்படியே எழுந்து வந்திருக்காங்க. நம்மாளு ஒருத்தர் தட்டோட வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, ஆறிப்போன நூடுல்ஸா? சுடச்சுட ஒரு ரசமாவது வச்சுக் கொண்டு வந்திருக்கக் கூடாதா?"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சிரிச்சார். பக்கத்துல நின்ன நாலு ஆம்பளைங்களும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதுதான் எனக்கு இன்னும் வயித்துல எரியுது.

உண்மையைச் சொல்லணும்னா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன். கல்யாணமாகி பன்னெண்டு வருஷம் "எனக்கு சூடா இருந்தாதான் இறங்கும்"னு சொன்னவன் நான். தங்கமணி லேப்ல நாள் பூரா நின்னுட்டு, பஸ் மாறி வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி குக்கரை வைப்பாங்க. நான் செய்தி பார்த்துட்டு இருப்பேன். அவங்களுக்கு மணிக்கட்டு வீங்கி, ரெண்டு மாசம் கத்தியைப் பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் நான் அடுப்பாங்கரைக்குள்ள போனேன். இதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். "சூடா இல்லேன்னா அது சாப்பாடே இல்லை, நம்ம பண்பாடு அப்படி"ன்னு சொல்றாங்களே, எந்த ஊர்ப் பண்பாடுங்க அது?

எனக்கு ஊர் கங்காதர நெல்லூர். நெல்லூர்னதும் கடலோரத்துக்குப் போயிடாதீங்க, இது சித்தூர் பக்கம். 1911-ல சித்தூர் மாவட்டம்னு ஒண்ணு உண்டாகுறதுக்கு முன்னாடி எல்லாம் வட ஆற்காடு. 1953-ல ஆந்திர மாநிலம் பிறந்தப்போ மெட்ராஸ் கையை விட்டுட்டு அந்தப் பக்கம் போனோம். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, அடுப்புல ரெண்டும். ராத்திரி ராகி சங்கட்டி சூடா கிண்டுவாங்க, நிஜம்தான். ஆனா காலையில கழனிக்குப் போறவங்க என்ன சாப்பிட்டாங்க? மிஞ்சின சங்கட்டியை மோர்ல கரைச்சு, பச்சை வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுப் போவாங்க. தண்ணி ஊத்தி வச்ச சோறு தமிழ்ல பழையது, தெலுங்குல சத்தி அன்னம். ஸ்ரீராம நவமிக்கு ஊறவச்ச பாசிப்பருப்புல வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தருவாங்களே, அது சாலட் இல்லாம வேற என்ன? அதுக்கு அடுப்பே பத்த வைக்கிறதில்லை!

அதை விடுங்க. திருப்பதிக்கு நடந்து மலையேறும்போது அலிபிரி படியில உக்கார்ந்து எதைப் பிரிச்சுத் தின்னோம்? புளியோதரை. காலையில நாலு மணிக்குக் கட்டினது. ஜில்லுனு இருக்கும், ஆனா ஒருத்தரும் "ஆறிப்போச்சே"ன்னு சொன்னதில்லை. ஆறினாதான் அதுக்கு ருசியே. சோத்தை வடிச்சு அகலமான தாம்பாளத்துல பரப்பி, ஒட்டாம இருக்க எண்ணெய் விட்டு, ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி ஊறவிடுறோம். பாஸ்தா சாலட்டும் இதேதான். மாவுப் பண்டம், எண்ணெய், புளிப்பு, உப்பு, ஊற நேரம். இத்தாலிக்காரன் கட்டுசாதம்னு வச்சுக்கோங்க.

"இல்லைங்க, பாஸ்தா நம்மளுது இல்லையே"ன்னு அடுத்த கேள்வி வரும். உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் போடுற சேமியா யாருது? திண்டுக்கல் பாக்கெட், ஹைதராபாத் பாக்கெட்னு பெட்டியில அமுக்கி ஏர்போர்ட்ல எடை போட்டுக் கொண்டு வர்றீங்களே, அதுவும் கோதுமை ரவையை அச்சுல பிழிஞ்சு காயவச்ச பாஸ்தாதான். தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவுல இருந்து கப்பலேறி வந்தது. மதனப்பள்ளி தக்காளிக்கு ஆதார் கார்டு கேக்காதவங்க பாஸ்தாவுக்கு மட்டும் ஏன் பாஸ்போர்ட் கேக்குறீங்க? இன்னொரு வேடிக்கை, பாஸ்தாவுக்கான டுரம் கோதுமையை உலகத்துலயே அதிகமா ஏற்றுமதி பண்றது நாம குடியிருக்கிற இந்தக் கனடாதான். இத்தாலிக்காரங்களே சஸ்காட்சுவான் கோதுமையை வாங்கி அரைக்கிறாங்க.

இப்ப செய்முறை. இது அம்மணிகளுக்கு இல்லை, அவங்களுக்குத் தெரியும். ஐயாமாருக்கு.

பெரிய பாத்திரத்துல நாலைந்து லிட்டர் தண்ணி கொதிக்கட்டும். ரெண்டு மேஜைக்கரண்டி உப்பு. கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பாஸ்தாவுக்குள்ள உப்பு ஏறுற ஒரே சந்தர்ப்பம் இதுதான். அரை கிலோ பாஸ்தா, முறுக்கு மாதிரி சுருண்டது நல்லது, மசாலா இடுக்குல தங்கும். பாக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் விடுங்க. குளிர்ந்தா இறுகும், அதுக்காக. வடிச்சு, பச்சைத் தண்ணில ஒரு அலசு. சூடா சாப்பிடுற பாஸ்தாவை இப்படி அலசினா இத்தாலிக்காரன் அடிக்க வருவான், சாலட்டுக்குத் தப்பில்லை.

அது வேகுற நேரத்துல காய். ஒரு பெரிய வெள்ளரிக்காய், ரெண்டு குடைமிளகாய், ரெண்டு கை சின்னத் தக்காளி பாதி பாதியா, ஒரு சிவப்பு வெங்காயம் மெல்லிசா. வெங்காயத்தைப் பத்து நிமிஷம் குளிர்ந்த தண்ணில போட்டு எடுத்தா காரம் அடங்கிடும். மறுநாள் ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் மூக்கைப் பிடிக்க மாட்டார். வேகவச்ச கொண்டைக்கடலை ஒரு டப்பா, தண்ணியை வடிச்சுட்டு. இதை விட்டுடாதீங்க, வெறும் மாவா போயிடாம இருக்கிறதே இதாலதான். கறுப்பு ஆலிவ் ஒரு கை. ஆலிவ்னா பயப்படாதீங்க, மரத்துல இருந்து பறிச்ச பச்சை ஆலிவ் வாயில வைக்க முடியாத கசப்பு. உப்புத்தண்ணில ஊறப்போட்டு கசப்பை எடுக்கிறாங்க. மாவடுவுக்கு சொந்தக்காரன்னு நினைச்சுக்கோங்க.

ஆலிவ் எண்ணெய் அரை கப், எலுமிச்சைச் சாறு கால் கப், ஒரு பல் பூண்டு நசுக்கினது, மிளகுத்தூள், உப்பு, காஞ்ச ஆரிகேனோ ஒரு ஸ்பூன். ஒரு பழைய ஊறுகாய் பாட்டில்ல ஊத்தி மூடிக் குலுக்கினா போதும். வெள்ளைக்காரங்க புத்தகத்துல எண்ணெய் மூணு பங்குக்குப் புளிப்பு ஒரு பங்குன்னு இருக்கும். புளி தின்னு வளர்ந்த நாக்குக்கு ரெண்டுக்கு ஒண்ணுதான் சரி. பாதியை இப்பவே பாஸ்தாவுல கலந்துடுங்க, அது குடிச்சுடும். மீதியைச் சாப்பிடும்போது. மேல ஃபெட்டா சீஸை உதிர்த்துப் போடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரிஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும். சாப்பிட இருபது நிமிஷம் முன்னாடி வெளியே எடுங்க, குளிர்ல ஆலிவ் எண்ணெய் உறைஞ்சு கிடக்கும், ருசியும் அமுங்கிக் கிடக்கும். உப்பும் புளிப்பும் மறுபடி பார்க்கணும்.

மொத்தம் 35 நிமிஷம். நாலு பேருக்கு ராத்திரிக்கு ஆச்சு, மறுநாள் டப்பாவுக்கும் ஆச்சு. எங்க வீட்டுல சூடான ராத்திரி சமையல் பாத்திரம் கழுவுறதோட சேர்த்து 85 நிமிஷம். ஒரு வாரம் கடிகாரம் வச்சு நோட்டுல எழுதினேன், பேங்க் புத்தி போகாதுல்ல. வாரம் ரெண்டு ராத்திரி மாத்தினா மிச்சம் 100 நிமிஷம்.

ஒரு எச்சரிக்கை. இன்னொரு கோஷ்டி இருக்கு, எனக்கு அவங்க மேல இன்னும் கோபம். செக்கப்புல கொலஸ்ட்ரால்னு வந்ததும் ஒரே ராத்திரியில "மெடிட்டரேனியன் டயட்" பக்தரா மாறினவங்க. அன்செல் கீஸ் 1958-ல ஏழு நாட்டு ஆய்வை ஆரம்பிச்சது, 2010-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தது எல்லாம் ஒப்பிப்பாங்க. கீஸ் கிரீட் தீவுல பார்த்தவங்க மண் வெட்டின விவசாயிங்க, ரொட்டி, பருப்பு, கீரை, ஆலிவ்னு தின்ன ஏழைங்க, எங்க ஊர் சங்கட்டிக்காரங்களுக்கு ஒண்ணுவிட்ட பங்காளிங்க, அதை மட்டும் மறந்துடுவாங்க. சரி, ஆரோக்கியம் நல்லதுதான். ஆனா அந்த வீட்டுல இப்ப என்ன நடக்குது? ஐயாவுக்குத் தனி சாலட், பசங்களுக்கு சாம்பார், மாமியாருக்கு ரசம். ஒரு சமையல் மூணா பெருகிடுச்சு. பாஸ்தா சாலட் வேலையைக் குறைக்கலேன்னா அது வெறும் இன்னொரு கட்டளை.

பி.காம் படிச்ச காலத்துல பொருளாதாரப் பாடத்துல பிகுன்னு ஒருத்தர் வருவார். வீட்டு வேலைக்கு வச்ச அம்மாவையே ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டா நாட்டு வருமானம் குறைஞ்சுடும்னு 1920-லயே சுட்டிக் காட்டினவர். அதே வேலை, அதே ஆள், சம்பளம் மட்டும் போச்சு. வகுப்புல சிரிச்சோம். இந்திய அரசோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-ல வந்தது. ஆறு வயசுக்கு மேற்பட்டவங்களைக் கேட்டாங்க. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யிற பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97. அந்த 97-ம் ஏதாவது வேலை செஞ்ச ஆண்களோட சராசரி மட்டும்தான், அவங்களே நாலுல ஒருத்தர். 2024 கணக்குல பெண்கள் 289, ஆண்கள் 88. அவங்களுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சதும் நம்மாளுங்க ஒன்பது நிமிஷத்தைக் குறைச்சுக்கிட்டாங்க பாருங்க! :-)

'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021-ல மலையாளத்துல வந்தப்போ, குக்கர் சோறு வேண்டாம், விறகடுப்புச் சோறுதான் வேணும்னு சொல்ற மாமனாரைப் பார்த்து எல்லாரும் "ச்சீ"ன்னோம். மைக்ரோவேவ் பண்ணினா ருசி போயிடும்னு சொல்ற நமக்கும் அவருக்கும் எத்தனை நிமிஷ தூரம்?

நான் சாம்பாரைத் தூக்கிப் போடச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை வத்தக்குழம்பு சூடா வேணும்னா வையுங்க, நீங்க வையுங்க. மைனஸ் இருபதுல வெளியே இருந்து வந்தவனுக்கு சூடா ஒரு வாய் ரசம் என்ன சுகம்னு எனக்குத் தெரியாதா? ரசம் வைக்க இருபது நிமிஷம். அதையும் நானே வைப்பேன்.

போன கோடையில அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. முதல் தடவை தட்டுல போட்டப்போ "என்னப்பா, சேமியா உப்புமாவைப் பிரிஜ்ல வச்சிட்டியா?"ன்னாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. "இதுக்கு எவ்வளவு நேரம் அடுப்புகிட்ட நிக்கணும்?" பன்னெண்டு நிமிஷம்மான்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மாங்கா ஊறுகாய் பாட்டிலை எடுத்துட்டு வந்து, ஒரு துண்டைப் பொடியா நறுக்கி மேல போட்டுக் கிளறி, தட்டை என் பக்கம் தள்ளினாங்க. ஆலிவை விட அது நல்லாத்தான் இருந்தது.

அடுத்த மாச விருந்து எங்க வீட்டுல. அந்த நர்ஸம்மாவை வெறுங்கையோட வரச் சொல்லிட்டேன். அந்தப் பிரமுகரும் வர்றார். அவருக்கு வெங்காயம் நறுக்குற வேலை ஒதுக்கியிருக்கேன்.

பி.கு: சைவக்காரங்க ஃபெட்டா வாங்கும்போது டப்பாவுக்குப் பின்னாடி படிங்க. சில சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த ரெனட் இருக்கும். சந்தேகமா இருந்தா பனீரை உதிர்த்து உப்பும் எலுமிச்சையும் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்க, வேலைக்கு ஆகும்.