பள்ளத்தை மூடும் முன் அளந்து பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வங்கியில் "லிங்க் இல்லை சார், மதியம் வாங்க" என்கிறார்கள். இ-சேவை மையத்தில் "நெட் கட்" என்கிறார்கள். விசாரித்தால், பல நேரம் எங்கோ குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கும். உடனே எல்லோரும் ஜே.சி.பி. ஓட்டுநரைத் திட்டுவோம். வண்டியை மடக்கி நஷ்ட ஈடு கேட்பதும் நடக்கிறது.

என் கருத்து வேறு. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாத ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. புதைத்தவர் ஒழுங்காகப் புதைத்தாரா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

கேபிளைக் காப்பாற்றுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வெளியில் போகும் கேபிளின் உறை ஏன் பெரும்பாலும் கறுப்பாக இருக்கிறது? பாலிஎத்திலீனில் 2 முதல் 3 சதவீதம் கரித்தூள் கலந்திருக்கிறார்கள். வெயிலின் புறஊதாக் கதிரை அந்தக் கரி வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் போட வேண்டிய வெள்ளை ஒயரை மொட்டை மாடி வழியாக இழுத்தால், சில வருட வெயிலில் உறை வெடித்துத் தண்ணீர் இறங்கிவிடும். நல்ல கேபிளில் ஈரம் புகாமலிருக்க உள்ளே ஜெல்லி இருக்கும். எலிக்கு அஞ்சும் இடத்தில் எஃகு உறை போட்டது கிடைக்கும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அதற்கு ஒரு முழம் கேபிள்தான் கூடுதல் செலவு.

மண்ணுக்குள் என்றால், நம் நாட்டில் ஃபைபர் கேபிளுக்கு வழக்கமாகச் சொல்லும் ஆழம் 1.65 மீட்டர். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். கேபிள் கனமான பிளாஸ்டிக் குழாய்க்குள் போக வேண்டும். பாறை வந்து ஆழம் குறைந்தால் இரும்புக் குழாயோ கான்கிரீட்டோ வேண்டும். மேலே அடையாளக் கல் நட வேண்டும்.

ஆனால் பள்ளத்தை மூடிய பிறகு ஒன்றரை அடியில் கிடப்பதும் ஐந்தரை அடியில் கிடப்பதும் யாருக்குத் தெரியும்? பில்லில் இரண்டும் ஒன்றுதான். அங்கேதான் கோளாறு.

இது நெட் பார்க்கிற விஷயம் மட்டுமல்ல. ரயில்வே சிக்னல், துணை மின்நிலையம், தொழிற்சாலை எல்லாம் இப்படிப்பட்ட கேபிளை நம்பித்தான் ஓடுகின்றன. சிக்னல் கேபிள் அறுந்தால் வண்டிகள் வரிசையாக நிற்க வேண்டியதுதான்.

மேலே தொங்கவிட்டால் தொல்லை தீருமா? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தில் கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயலில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பம் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கடலோர வட்டங்களில் அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம் வரையாவது மண்ணுக்குள் ஒரு மாற்றுவழி இருக்க வேண்டும்.

தோண்டுமுன் தகவல் தெரிவிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே அப்போது சொன்னது. அமெரிக்காவில் 2007 முதல் இதற்கு 811 என்ற எண் இருக்கிறது. கூப்பிட்டால் ஆள் வந்து தரையில் வண்ணக்கோடு போட்டுக் காட்டுவார்கள். நம் செயலியும் நல்லதுதான். ஆனால் கேபிள் போன பாதை சரியாகப் பதிவாகியிருந்தால்தானே அது வழி காட்டும்?

அதனால் நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, பள்ளத்தை மூடும் முன் ஆழத்தை அளந்து, அளவுகோலோடு படம் எடுத்த பிறகே பில் பாஸாக வேண்டும். இரண்டு, நம் தெருவுக்குள் என்னென்ன போகிறது என்ற வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். மூன்று, அடையாளமே இல்லாத இடத்தில் கேபிள் அறுந்தால், கூலிக்குத் தோண்டியவரிடம் பணம் கேட்கக் கூடாது.

அடுத்த கிராம சபையில் இதை யாராவது எழுந்து கேளுங்கள். உங்கள் ஊரில் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள்.