புயலுக்கு உள்ளே, வெயிலுக்கு வெளியே

சென்ற சித்திரையில், ஆலங்குடி வட்டத்துக் கிராமம் ஒன்றில், இரவு பத்து மணிக்குமேல் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அரசாங்கத்தின் பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டிய வீடு அது. நிறுத்த மறந்த மின்விசிறி உள்ளே வெந்த காற்றையே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருக்க, குடும்பம் முழுவதும் வாசலில் சொந்தச் செலவில் போட்டுக்கொண்ட தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே, ஒரு கயிற்றுக் கட்டிலிலும் இரண்டு பாய்களிலுமாகப் படுத்திருந்தது. உள்ளே போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி நெடுநேரமாகியும் ஆறாத தோசைக்கல்லைப் போலிருந்தது. "வீட்டுக்கு ஒரு கொறையும் இல்லைங்க தம்பி, கஜாப் புயலுக்கு இந்தத் தெருவே இங்கதான் வந்து ஒதுங்குச்சு. வெயிலுக்குத்தான் நாங்க வெளியில வந்துர்றோம்" என்றார் வீட்டுக்கார அப்பத்தா.

ஏழை எளியவர்களின் வீட்டைப் பற்றி நான் படித்த எத்தனையோ வியாசங்களைவிட அந்த இரண்டு வாக்கியங்களில் விஷயம் அதிகம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்த அந்தப் புயல், கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கிப் பிரதேசங்களில் தென்னந்தோப்புகளை வரிசை வரிசையாகச் சாய்த்தபோது, கீற்றுக் கூரைகள் காகிதம்போல் பறந்தன என்பதையும், மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன என்பதையும் நேரில் கண்டவர்கள், கூரை வீட்டின் குளிர்ச்சியைப் புகழ்ந்துவிட்டு மச்சு வீட்டை இகழமாட்டார்கள். தளம் போட்ட வீடு வேண்டும் என்று ஜனங்கள் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல, பிராண ரட்சணைக்காக. ஆகவே, காங்கிரீட் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை. அந்தத் தளத்தின் கீழே மனிதர் படுத்துறங்க வழிசெய்யாமலே வீட்டை முடிந்துவிட்டதாகக் கணக்கெழுதலாமா என்பதே என் வழக்கு.

2011-ஆம் ஆண்டில் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடியில், ஆரம்பத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் மதிப்பில், சூரிய சக்தியால் எரியும் 5 விளக்குகளோடு வீடு கட்டித் தந்தது. உயர்ந்த நோக்கம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால், விளக்கு ஒன்றுக்கு 11 வாட் வீதம் ஐந்துக்கும் சேர்த்து 55 வாட். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அதை உள்ளே உமிழும் அந்தத் தளத்தின் கீழே உயிர் தரிக்க வேண்டுமென்றால் சுழல வேண்டிய சாதாரண மின்விசிறி ஒன்றுக்கு மட்டும் சுமார் 75 வாட். அது நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழன்றால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்தில் 90 யூனிட். அரசாங்கம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏறக்குறைய அவ்வளவும் ஒரே விசிறிக்குப் போய்விடுகிறது. சூரியனை விளக்குக்குள் அழைத்துவர அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்ட நாம், அதே சூரியனைக் கூரையிலிருந்து விலக்கிவைக்க அதில் பாதி சிரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சூரியனை விலக்கிவைக்கும் இந்த வித்தை நம் புதுக்கோட்டை ஜில்லாவுக்குப் புதிதன்று. ராயவரத்திலும் கடியாபட்டியிலும் கோனாபட்டிலும் நகரத்தார் வீடொன்றின் வாசலில் நின்றால், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நிலைகள் நேருக்கு நேர் அமைந்து, பின்கட்டு வாசல்வரை பார்வை தடையின்றிப் போவதைக் காணலாம். பார்வை போகிற வழியே காற்றுக்கும் வழி. முற்றத்தில் உஷ்ணம் மேலெழும்ப, தாழ்வாரத்தில் நாட்டு ஓடுகள் அடுக்கடுக்காக வெயிலைத் தாங்க, சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்கள் உள்ளே குளிர்ச்சியைக் காக்கின்றன. பர்மாத் தேக்கும் பளிங்கும் வியாபாரச் செல்வத்தின் அடையாளங்கள். கூலிக்காரர் வீட்டுக்கு அவற்றை யாரும் கேட்கவில்லை. வாசல்களை நேருக்கு நேர் வைப்பதற்குச் செல்வம் எதற்கு?

2024-இல் வந்திருக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் விஸ்தீரணம் 360 சதுர அடியாகவும் தொகை மூன்றரை லட்சமாகவும் உயர்ந்திருக்கின்றன. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். மீதி 60 சதுர அடியின் கூரையைத் தீப்பிடிக்காத வேறு பொருளாலும் அமைத்துக்கொள்ளலாம் என்று குடியிருப்போரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். இந்த அறுபது சதுர அடியை நான் பெரிய வரமாகவே கருதுகிறேன். வாசல் பக்கம் ஓடு வேய்ந்து இறக்கினால், நாலு பேர் படுக்கவும் மாலை வெயில் சுவரில் படாமல் மறைக்கவும் அது ஒன்றே போதும். தளத்தின்மேல் சுண்ணாம்புச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கவேண்டும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். தளம் போட்டதோடு கைப்பணம் தீர்ந்துவிடுவதால்தான் அது நின்றுபோகிறது. அதற்கென்று ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால், கோடைதோறும் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதற்கு பெரிய செலவு ஆகாது.

ஆனால், இவற்றையெல்லாம் சென்னையிலிருந்து உத்தரவாக அனுப்பினால் பிரயோஜனமில்லை. எகிப்து தேசத்தில் ஹஸன் ஃபாத்தி என்ற கட்டடச் சிற்பி, 1940-களில், சீதோஷ்ணத்துக்கு முற்றிலும் ஏற்ற மண்கல் வீடுகளாலான புதிய குர்னா என்ற கிராமத்தை நிர்மாணித்தார். குடியேற வேண்டியவர்களோ, தங்கள் பிழைப்பு பழைய ஊரில் இருக்க அங்கே போக மறுத்துவிட்டார்கள். கீரமங்கலத்துப் பக்கத்தில் பூக் கட்டுகிற பெண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் கலந்த திண்ணை வேண்டும். ஜெகதாப்பட்டினத்து மீனவருக்கு வலை போட இடம் வேண்டும். திருமயத்து மானாவாரி பூமியில் ஆடு வளர்ப்பவருக்கு வேண்டியது வேறு. இம்மூவருக்கும் ஒரே வரைபடம் எப்படிப் பொருந்தும்? நாலைந்து மாதிரிகளை வரைந்து, மே முதல் தேதி நடக்கும் கிராம சபையில், அந்த அக்கினி வெயிலிலேயே ஜனங்கள்முன் விரித்துவைத்து, எது வேண்டும் என்று கேட்க வேண்டும். பெண்களை முதலில் கேட்க வேண்டும். பகல் முழுவதும் அந்த வீட்டுக்குள் வேகிறவர்கள் அவர்களே.

அன்றிரவு புறப்படும்போது, பக்கத்து மனையில் தன் மகனுக்குப் புதிய திட்டத்தில் வீடு கட்ட வேலை உத்தரவு வந்திருப்பதாக அப்பத்தா சொன்னார். டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். கடைக்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சாலை மேற்கே இருப்பதால் வாசலும் மேற்கு. நீளச் சுவரும் மேற்கு. எதிரே பின்வாசலுக்கு இடம் விடவில்லை. "பந்தலுக்கு மறுபடியும் கீத்து வாங்கணும்" என்றார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மண்வெட்டி படவில்லை.