காக்கிக்கு எடுக்கும் ஆரத்தி

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளின் காவல்துறைத் தொடர்களைத் தேடிப் பார்த்துச் சிலாகிப்பது நம் இலக்கிய நண்பர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. சாரல் பருவத்தில் குற்றாலத்தில் கூடினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. அவற்றின் நிதானம், மங்கிய ஒளி, அலட்டலற்ற நடிப்பு, நனைந்த தெருக்கள் எல்லாம் நமக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம். மழைக்கும் மங்கலுக்கும் தென்காசிக்காரர்கள் இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. நமக்கு வாய்க்காதது வேறொன்று. அதைப் பேசத்தான் நாம் கூசுகிறோம்.

பிபிசியில் 1955 முதல் 1976 வரை ஓடியது 'டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்'. அதன் நாயகர் தெருவுக்கே பெரியப்பா போன்ற காவலர். பார்வையாளரை நேராக நோக்கி வணக்கம் சொல்வார், நல்லுரை கூறி விடைபெறுவார். அதே பிபிசியில் 1962இல் 'இசட் கார்ஸ்' வந்தது. டிராய் கென்னடி மார்ட்டின் உருவாக்கிய அத்தொடரின் முதல் பகுதியிலேயே ஒரு காவலரின் மனைவி, கணவன் அடித்துக் கன்றிய கண்ணோடு நிற்கிறாள். லங்காஷயர் காவல்துறைத் தலைவர் வெகுண்டெழுந்தார். தொடரோ நிற்கவில்லை, 1978 வரை நடந்தது. அந்த 1978இலேயே ஜி.எஃப். நியூமன் எழுதிய 'லா அண்ட் ஆர்டர்', பொய்ச் சாட்சியம் புனையும் துப்பறிவாளரைக் காட்டிப் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது.

அங்குள்ள காவல்துறை புனிதமானது என்பதல்ல நம் வாதம். பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு வழக்கில் 1975இல் தண்டிக்கப்பட்ட ஆறு பேர், அத்தீர்ப்பு பிழையென்று 1991இல்தான் விடுவிக்கப்பட்டனர். 'தி ஸ்வீனி' போன்று முரட்டுக் கைகளை ரசிக்கவைத்த தொடர்களும் அங்கு உண்டு. ஆயினும், மக்கள் செலுத்தும் கட்டணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம், அரசின் கரத்தையே ஐயுறுவதற்கு எழுத்தாளனுக்கு இடம் தந்தது. அத்தொடர்களின் உயிர் அந்த ஐயத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒளிப்பதிவை மட்டும் மெச்சுவது, தேரை விட்டுவிட்டு வடத்தைக் கும்பிடுவதற்கு ஒப்பாகும்.

நாம் என்ன செய்தோம்? 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' முதற்கொண்டு காக்கிக்கு ஆரத்தி எடுத்தோம். 2003இல் நெல்லையைக் களமாகக் கொண்டு வந்த 'சாமி'யில், எதிரியைத் தானே கொன்றுவிட்டு அவன் தலைமறைவானதாகக் கணக்கு முடிக்கும் அதிகாரியைக் கண்டு திரையரங்குகள் ஆர்ப்பரித்தன. சின்னத்திரைத் தொடர்களிலோ காவல் நிலையம் என்பது பெரும்பாலும் மருமகளைக் கைது செய்ய மட்டுமே தேவைப்படும் ஓர் அரங்கம். மு. சந்திரகுமார் தம் சொந்த வதையிலிருந்து எழுதிய 'லாக்கப்' நூலும், அதன்வழி 2015இல் வந்த 'விசாரணை'யும், 2021இல் வந்த 'ஜெய் பீ'மும் விலக்குகள். விலக்குகளைச் சுட்டி விதியை மறைக்கலாகாது.

"திரை வேறு, வாழ்வு வேறு" என்பார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் வதைபட்டு மாண்டனர். 2023இல், நமக்கு அண்டையிலுள்ள அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அப்போதெல்லாம் பதறிய அதே ஊர்கள், வேறு நாளில் ஒரு 'என்கவுன்ட்டர்' செய்தி வந்தால் இனிப்பு வழங்கவும் தயங்குவதில்லை. திரையரங்கில் கைதட்டிப் பழகிய கை தெருவில் மட்டும் சும்மா இருக்குமா?

ஐயுறுதல் நமக்கு அந்நியச் சரக்கும் அன்று. கொலைக்களக் காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். கள்வர் கையாளும் எட்டு வழிகளை விரித்துரைத்துப் பொற்கொல்லன் அத்தயக்கத்தைக் கரைக்கிறான். இறுதியில், கல்லாத குடிவெறியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இளங்கோவடிகள் அந்த வாளுக்குக் கைதட்டச் சொல்லவில்லை. ஆராயாமல் ஆணையிட்ட அரசனை அரியணையிலேயே சாகவைத்தார்.

தேர்வுக்கு இதை மனனம் செய்யவைக்கும் நாம்தான், விசாரணையின்றிக் கொல்லும் நாயகனுக்கு வசனம் எழுதுகிறோம், அதற்கு விமர்சனமும் எழுதுகிறோம். பிரிட்டிஷ் தொடர்களைப் பார்த்து ஏங்கும் நண்பர்களே, அந்தக் காவலரின் ஒரு கணத் தயக்கத்தை நம் ஊர்க் காவல் நிலையத்தில் வைத்து எழுதுங்கள். மழையைச் சாரல் பார்த்துக்கொள்ளும்.