வலி வரும்வரை பீடி

‘நெறமாசத்துல சும்மா உக்காராதே, வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம்’ என்பது நம் பாட்டிகள் வாக்கு. பாதி சரி. சிக்கலில்லாத கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை மாதிரி மிதமான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லிவிட்டது.

ஆனால் தென்காசிப் பக்கம் பல வீடுகளில் வேலை என்றால் பீடி. மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். குனிந்த கழுத்து, மடக்கிய கால். ஆயிரம் பீடி முடிகிறவரை எழுந்திருக்க முடியாது. ‘வலி வர்ற வரைக்கும் சுத்தினா’ என்று பெருமை வேறு! ஐயா, இதில் அசைவது விரல் மட்டும்தான். மூச்சில் போவது புகையிலைத் தூசி.

சீசனுக்கு வேன் பிடித்துப் போய்க் குற்றாலத்தில் நனைகிறோம். ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிற இவளுக்கு, தெருவில் அரைமணி நடக்க நேரமில்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி, நடந்தால் காசு போச்சு.

வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் பேறுகாலப் பணம் உண்டு என்று பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே சொன்னது. சரி, பாஸ் புக் யார் பேரில்? பல வீடுகளில் மாமியார் பேரில்; சுற்றுவது மருமகள். கம்பெனிக் கணக்குப்படி பார்த்தால், பிள்ளை பெற வேண்டியவர் மாமியார்தான்!