வீட்டை விற்கலாம், வேரை விற்கலாமா?

காரைக்குடியில் பழைய சாமான்கள் விற்கிற ஒரு கடையில் சென்ற மாதம் ஒரு கதவு நிலையைப் பார்த்தேன். பர்மாத் தேக்கு. மேலே கஜலட்சுமி, இரு பக்கமும் யானை. இடது பக்கத்து யானைக்குத் துதிக்கையின் நுனி இல்லை.

அந்தத் துதிக்கையை உடைத்தவன் நான்தான். ஏழு வயதில் அந்த வீட்டு வாசலில் கிட்டிப்புள் ஆடியபோது உடைத்தேன். என் தகப்பனார் அந்த வீட்டில் கணக்கப்பிள்ளை. என்னை அடிக்கக் கை ஓங்கியவரை உள்ளேயிருந்து வந்த பெரிய ஆச்சி தடுத்துவிட்டார். "யானைக்கு வலிக்காது, கணக்கப்பிள்ளை! புள்ளைக்கு எங்கேயும் பட்டுச்சான்னு பாருங்க" என்றார்.

கடைக்காரரிடம், "இது எந்த வீட்டு நிலை?" என்று கேட்டேன்.

"எந்த வீட்டுதா இருந்தா என்னங்க? துதிக்கை உடைஞ்சிருக்கு. அதனாலே விலையிலே கொஞ்சம் தள்ளித் தர்றேன்" என்றார்.

என் சொந்தத் துக்கத்தைச் சொல்லி வாசகர்களின் அனுதாபத்தைச் சம்பாதிப்பதற்காக இதை எழுதவில்லை. எந்த வீட்டுதாக இருந்தால் என்ன என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே எழுதுகிறேன். கேட்டவர் கடைக்காரர், அது அவர் தொழில். ஆனால் அதே கேள்வியைத்தான் இன்று விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும், இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிற சர்க்காரும், வாய்விட்டுக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீடு என்றால் சினிமாவில் வருகிற பெரிய வீடு என்று மட்டும் தெரிந்தவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்பார்கள். இன்று எழுபதுக்குச் சற்று மேல். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் வறண்ட பூமியில், நகரத்தார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை இந்த வீடுகளைக் கட்டினார்கள். ஒரு தெருவில் வாசல் தொடங்கினால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று நேர்கோடாகப் போகும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. சுவரில் பூசிய சாந்தில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்ந்தது. தரைக்குப் பதித்த பூக்கல் பக்கத்து ஆத்தங்குடியில் செய்தது. கூரையில் விழுந்த மழைநீர் முற்றத்தில் இறங்கி, அண்டாக்களில் நிறைந்து, மிச்சம் ஊருணியைத் தேடிப் போனது. மழை குறைந்த சீமையில் ஒவ்வொரு கூரையும் ஊருக்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தது.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்குப் புள்ளி தனி அறை, தனி அடுப்பு; வாசல் மட்டும் ஒன்று. அதே புள்ளிக் கணக்குத்தான் நகரத்தார்களின் ஒன்பது கோயில்களிலும். ஆகவே வீடு என்பது அவர்களுக்குச் சுவரும் கூரையும் மட்டுமல்ல. இன்னாருக்கு இன்னார் பங்காளி என்று சொல்லும் பதிவேடு. கல்யாணம் அந்த வளவில்தான் நடக்க வேண்டும். முன்னோருக்குப் 'படைப்பு' போடுகிற நாளில், எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் அங்கே வந்து சேர வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டை எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? இடிப்பது என்று சொல்வது தவறு, அறுவடை செய்கிறார்கள். முதலில் ஓடு இறங்குகிறது. பிறகு கைமரமும் உத்தரமும். பிறகு தூண்கள், கதவுகள், ஜன்னல்கள். கடைசியில் தரைக்கல். ஒரு பரம்பரையின் ஞாபகம் கன அடிக் கணக்கில் லாரியில் ஏறுகிறது. மிஞ்சுவது செங்கல் குவியலும், மனையடி விலையும்.

விற்கிறவர்கள் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பர்மாவில் சம்பாதித்த பணம் 1942-ல் ஜப்பானியர் வருகையோடு பெரும்பாலும் போயிற்று. மிஞ்சிய நிலம் 1948-ல் அங்கு வந்த நில தேசியமயச் சட்டத்திலும், 1962-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தின் கையிலும் போயிற்று. வருமானம் நின்றது, வீடு நின்றபாடில்லை. ஒரே வீட்டுக்கு இன்று நாற்பது, ஐம்பது பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் பணம் கொடுக்க ஒருவர் இல்லை. விற்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போட அத்தனை பேரும் வருகிறார்கள். இதுதான் எனக்குப் புரியாத விந்தை! ஒழுகுகிற ஓட்டை அடைக்க ஒன்று சேராதவர்கள், வீட்டை ஒழிக்க மட்டும் ஒன்று சேர முடிகிறதென்றால், தடையாக இருந்தது தூரமா, மனமா?

"எங்கள் வீடு, எங்கள் இஷ்டம்" என்பார்கள். பத்திரத்தின்படி சரி. ஆனால் அந்த வீட்டில் நிலையைச் செதுக்கிய தச்சனுக்கும், சாந்தைக் குழைத்துப் பூசிய கொத்தனுக்கும், மூன்று தலைமுறை சமைத்துப் போட்ட ஐயருக்கும், துணி வெளுத்தவருக்கும், கணக்கு எழுதிய என் தகப்பனாருக்கும் பத்திரத்தில் பங்கு இல்லை என்பதால், வாழ்விலும் பங்கு இல்லை என்று ஆகிவிடுமா? ஊரில் ஒரு கிழவரைக் கேட்டால், "எங்க அப்பன் அந்த வீட்டு வேலையிலே இருந்தாரு" என்றுதான் தன் வரலாற்றைத் தொடங்குகிறார். வீடு போனபின் அவர் எதைக் காட்டித் தொடங்குவார்? பங்குதாரர்கள் கையெழுத்திட்டார்கள், ஊரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

இன்னொரு கட்சியும் உண்டு. என் முற்போக்கு நண்பர்கள் சொல்வது: "அது வட்டிப் பணத்தில் கட்டிய வீடு. பர்மாக் குடியானவனின் கண்ணீரில் எழுந்தது. இடிந்தால் நஷ்டம் என்ன?" இதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு சாகுபடி நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை வீழ்ந்து, கடனைக் கட்ட முடியாத குடியானவர்கள் நிலத்தை இழந்ததில், 1938-க்குள் அது 25 பங்காயிற்று. வீட்டை இடித்துவிட்டால் இந்தக் கணக்கு தீர்ந்துவிடுமா? சாட்சியைக் கொன்றால் வழக்கு தள்ளுபடியாகும், நியாயம் கிடைக்காது. ரங்கூன் எங்கே, கானாடுகாத்தான் எங்கே? இரண்டையும் இணைக்கிற கதையைச் சொல்ல ஒரு தேக்குத் தூணைவிட நேர்மையான சாட்சி எது? பெருமைப்படுவதற்கு மட்டும் பழமையைக் காப்பாற்றுவதில்லை, ஐயா! வெட்கப்படுவதற்கும் காப்பாற்ற வேண்டும்.

எனக்கு உண்மையான கோபம் மூன்றாவது கட்சியின் மீதுதான். நகரத்து ஹோட்டல்காரர்கள், பங்களாக்காரர்கள். "நாங்கள் வாங்காவிட்டால் விறகாகப் போயிருக்கும், நாங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம்" என்கிறார்கள். நான்கு தூணைச் சாப்பாட்டுக் கூடத்தில் நட்டுவிட்டு, அதன் நிழலில் குழிப்பணியாரம் பரிமாறினால் அது பாரம்பரியமா? அந்தத் தூண் தாங்கவேண்டிய கூரை அங்கே இல்லை. மேலே சிமெண்டுத் தளம்; கீழே அலங்காரம். இவர்கள் நல்ல விலை கொடுக்கக் கொடுக்கத்தான், நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்பு ஏறுகிறது. யானையைத் தந்தத்துக்காகக் கொன்றவனும் தந்தத்தைப் போற்றியவன்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம், கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளுக்கு நூறு வயது ஆகியிருந்தால் அதையும் தொல்பொருள் என்றே கணக்கிடுகிறது. அதை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தனியார் நாடு கடத்தி விற்கக் கூடாது. இந்த வீடுகளில் பெரும்பகுதி நூறு வயதைத் தாண்டிவிட்டது, மற்றவை தாண்டிக்கொண்டிருக்கின்றன. மரபுக் கட்டிடங்களுக்காக ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012-ல் சட்டம் இயற்றினார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் லாரியில் தூண் ஏறுவது நிற்கவில்லை.

எல்லா வீட்டையும் அப்படியே காப்பாற்றிவிட முடியும் என்று நம்புகிற அளவுக்கு நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். பங்காளிகள் ஒரு டிரஸ்டு வைத்து, ஆளுக்குச் சொற்பத் தொகை போட்டு, முதலில் கூரையை மட்டுமாவது காப்பாற்றலாம்; கூரை நின்றால் சுவர் நிற்கும். பழுது பார்க்கிறவர்களுக்குச் சர்க்கார் வரியில் சலுகையும் குறைந்த வட்டியில் கடனும் தரலாம். எதுவும் முடியாமல் விற்கத்தான் வேண்டுமென்றால், முழு வீடாக, குடியிருக்கிறவனுக்கு விற்கலாம். அதுவும் முடியாதென்றால், பிரிப்பதற்கு முன் அளந்து, படமெடுத்து, யார் கட்டியது, யார் வாழ்ந்தது என்று எழுதி, அந்தக் காகிதத்தை ஊரில் வைத்துவிட்டுப் பிறகு கை வைக்கலாம். பிணத்தைக்கூடப் பெயர் எழுதிக்கொண்டுதானே சுடுகாட்டில் வாங்குகிறார்கள்?

அந்த நிலையை நான் வாங்கவில்லை. என்னிடம் அவ்வளவு பணமும் இல்லை. என் வீட்டுச் சுவர் அதைத் தாங்கவும் தாங்காது. கடைக்காரரிடம் அது எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீட்டு நிலை என்பதை மட்டும் சொல்லி, எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எழுதி வெச்சா விலை கூடுமா, சார்?" என்று கேட்டார்.

கூடாது. ஆனால் வாங்குகிறவர், தான் வாங்குவது மரத்தை அல்ல, பிறர் வீட்டு வாசலை என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும்.