ஒரு நாளாவது தூண்டில் போடுங்கள்!

சிறு வயதில் அப்பாவோடு மீன் பிடிக்கப் போன நாளை யாராவது மறப்பார்களா? மாட்டார்கள். படித்த பாடம் மறந்து போகும். பரீட்சையில் வாங்கிய மார்க்கு மறந்து போகும். தூண்டிலை முதல் மீன் இழுத்தபோது விரலில் பட்ட துடிப்பு மட்டும் மறக்காது.

ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனதையும், விடியும் முன்பே கரைவலை இழுக்க ஓடியதையும் கதை கதையாகச் சொல்வார்கள்.

கரைவலை என்றால் என்ன? கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். படகு கடலுக்குள் போய், வலையை அரை வட்டமாக விரித்துவிட்டு, மறு முனையோடு கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். சிறுவர்கள் கயிற்றின் வாலைப் பிடிப்பார்கள். வலை கரை ஏறியதும் நெத்திலி, சாளை, காரல் எல்லாம் வெள்ளிக்காசு போலத் துள்ளும். கை கொடுத்த சிறுவனுக்கும் ஒரு கை மீன் கிடைக்கும். அதுதான் அவனுடைய முதல் சம்பளம்!

கடல் சொல்லும் பாடம்

பார்ப்பதற்கு இது விளையாட்டு. உண்மையில் இது ஒரு பள்ளிக்கூடம்.

கிழக்கே இருந்து வருவது கொண்டல், வடக்கே இருந்து வருவது வாடை என்று காற்றின் பெயர் தெரியும். மீன் கடிக்கும் வரை பேசாமல் இருக்கும் பொறுமை வரும்.

"குஞ்சு மீனைக் கடலிலேயே விட்டுவிடு, ராசா" என்பார் தாத்தா. அது வளர்ந்தால்தானே நாளைக்கு மீன்? அரசாங்கத்தின் சட்டமும் இதையே சொல்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது.

உயிர் காத்த கதை

"குழந்தையைக் கடலுக்குக் கூட்டிப் போவதா? ஆபத்து அல்லவா?" என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். கடலை அறியாமல் வளர்வதுதான் பெரிய ஆபத்து.

இந்தோனேசியாவில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே பேரலை வந்து பலர் மாண்டார்கள். தப்பியவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். "பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு!" இதுதான் கதை. பிள்ளைகள் அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. பல ஊர்களில் கடல் உள்வாங்கியதை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிமெலுவே மக்கள் ஓடினார்கள். சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான்! தாத்தா சொன்ன கதை ஊரையே காப்பாற்றிவிட்டது.

இன்று நாம் என்ன செய்கிறோம்? கடற்கரைக்குப் போகிறோம். சுண்டல் தின்கிறோம். செல்போனில் படம் எடுக்கிறோம். திரும்பி விடுகிறோம். குழந்தைக்குக் கடல் தெரிந்ததா? இல்லை.

அடுத்த விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். மீனவர் ஒருவரிடம் பாதுகாப்பான இடம் கேட்டு, குழந்தைகளோடு உட்கார்ந்து தூண்டில் போடுங்கள். உங்கள் தாத்தா சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மீன் கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை. அந்த நாள் அவர்களோடு கடைசி வரை இருக்கும்.